பரணில் இருக்கும் ரெக்கார்டுக்கு எந்த ஊசி? டர்ன்டேபிள் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணை ஒழிக்கிறார்கள். பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய தீபாவளி மலர்களுக்கும் அடியில் ஒரு டிரங்க் பெட்டி. திறந்தால் தாத்தாவின் இசைத்தட்டுகள். பேரன் தூசியைத் தட்டிவிட்டு உடனே போனில் தேட ஆரம்பிக்கிறான். முதலில் வந்து நிற்பது சூட்கேஸ் மாதிரி மடித்து வைக்கும் பிளேயர். அழகான கலர், உள்ளேயே ஸ்பீக்கர், புளூடூத் வேறு.

"பாட்டி, 33, 45, 78 மூணும் ஓடுமாம். ஆர்டர் போட்டுடவா?"

"நல்லா பாடும்னா போடுடா. ஆனா தாத்தா அந்தத் தட்டையெல்லாம் யாரையும் தொடக்கூட விடமாட்டார், பார்த்துக்கோ."

இப்படியான ஒரு காட்சி இன்று பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான். வினைல் மறுபடியும் ஃபேஷன் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4.1 கோடி வினைல் ஆல்பங்கள் விற்றன, சிடிக்கள் 3.3 கோடிதான். எண்ணிக்கையில் சிடியை வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த அலை இங்கேயும் அடிக்கிறது. ஆனால் டர்ன்டேபிள் வாங்குகிறவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வியே தவறானது. "எது நல்ல பிளேயர்?" என்று கேட்கிறார்கள். "என்னிடம் இருக்கும், நான் கேட்கப்போகும் ரெக்கார்டுக்கு எந்த ஊசி?" என்பதுதான் சரியான கேள்வி. இந்த வரிசை மாறினால் பணம் மட்டும் வீணாகாது, பாட்டியின் பயமும் உண்மையாகிவிடும்.

ஊசி என்னதான் செய்கிறது?

ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டை ஆயிரம் முறை கேட்டாலும் ஃபைல் தேயாது. இசைத்தட்டு அப்படியல்ல. தட்டில் இருக்கும் மெல்லிய தடத்தின் சுவர்களில் இசை நெளிவுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டைலஸ் எனப்படும் ஊசியின் வைர முனை அந்தச் சுவர்களை உரசிக்கொண்டே போகிறது. அந்த அசைவைக் கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜில் ஊசியோடு சேர்ந்து ஒரு குட்டிக் காந்தம் அசையும். மூவிங் காயில் வகையில் கம்பிச் சுருள் அசையும்.

அதாவது ஒவ்வொரு முறை கேட்பதும் ஒரு உரசல். முனையின் வடிவம் தடத்துக்குப் பொருந்தி, அழுத்தமும் சரியாக இருந்தால் அந்த உரசலில் தட்டுக்குப் பெரிய சேதமில்லை. பல பத்தாண்டுகள் தாங்கும். முனை தேய்ந்திருந்தாலோ, வடிவம் பொருந்தாவிட்டாலோ, ஊசி தடத்தைப் படிப்பதற்குப் பதில் செதுக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதற்கு 'அன்டூ' பட்டன் கிடையாது.

அதனால்தான் பிளேயரின் நிறம், புளூடூத், வடிவம் எல்லாம் இரண்டாவது கேள்வி. தட்டைத் தொடும் ஒரே பாகம் ஊசிதான்.

முதலில் மூன்று குவியல்

கடைக்குப் போவதற்கு முன், அல்லது 'ஆட் டு கார்ட்' தட்டுவதற்கு முன், வீட்டில் இருக்கும் தட்டுகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் குவியல், 78 ஆர்பிஎம் தட்டுகள். கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். இவை வினைல் அல்ல, அரக்கு சேர்த்துச் செய்தவை. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நாகஸ்வரம் வீடு வீடாகப் போனது இப்படிப்பட்ட தட்டில்தான். எம்.கே.தியாகராஜ பாகவதர், கே.பி.சுந்தராம்பாள் காலத்துக் குரல்களும் இதில்தான் இருக்கின்றன. மேலை நாடுகள் 78-ஐ ஓரங்கட்டிய பிறகும் இந்தியாவில் 1960-களிலும் இவை அச்சாயின. கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78 தட்டாக வந்தன என்பது இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் கொண்டாடும் விஷயம்.

இரண்டாவது குவியல், மோனோ எல்பிக்கள். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்பியை 1948-ல் அறிமுகப்படுத்தியது. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததே 1950-களின் கடைசியில். 1960-களில் வந்த பல இந்திய எல்பிக்கள் மோனோதான். அட்டையிலோ, நடு லேபிளிலோ 'ஸ்டீரியோ' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது குவியல், ஸ்டீரியோ எல்பிக்களும் ஏழு அங்குல 45 ஆர்பிஎம் தட்டுகளும். எக்கோ லேபிளில் வந்த இளையராஜா எல்பிக்கள், இப்போது புதிதாக அச்சடித்து வரும் ராக், ஜாஸ், ஹிப்ஹாப் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும்.

இந்த மூன்று குவியலில் எது பெரியதோ, எது திரும்பக் கிடைக்காததோ, அதுதான் என்ன வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

'மூணு ஸ்பீடும் ஓடும்' என்ற மாயை

விளம்பரங்களில் அதிகம் ஏமாற்றும் வரி இதுதான். 78 வேகத்தில் தட்டு சுற்றும் என்பது வேறு. 78 தட்டைச் சரியாகப் படிக்கும் என்பது வேறு.

எல்பியின் தடம் மிக மெல்லியது. அதற்கான உருண்டை முனை ஊசியின் ஆரம் சுமார் 0.7 மில், அதாவது 18 மைக்ரான். 78 தட்டின் தடம் அகலமானது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 3 மில், சுமார் 76 மைக்ரான். நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால், அது இசை இருக்கும் சுவரை ஒழுங்காகத் தொடாமல் தடத்தின் அடியில் போய் உருளும். அங்கே இருப்பது எண்பது வருஷத்துத் தூசி. நமக்குக் கேட்பது அப்பளம் பொரிக்கிற சத்தம். "பழைய ரெக்கார்டுன்னா இப்படித்தான் இருக்கும்போல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். குற்றவாளி தட்டு அல்ல, ஊசி.

எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசம். வீட்டில் கைச்சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமஃபோன் இருக்கிறது என்பதற்காக அதில் எல்பியைப் போடவே கூடாது. இரும்பு ஊசி, கனமான சவுண்ட் பாக்ஸ். ஒரே ஓட்டத்தில் வினைல் தடத்தை உழுதுவிடும்.

ஆக, முதல் குவியல் பெரிதாக இருந்தால், 78 வேகமும் ஊசி மாற்றும் வசதியும் இரண்டும் சேர்ந்த டர்ன்டேபிள் வேண்டும். ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ் இதற்கு ஒரு உதாரணம். மூன்று வேகமும் உண்டு, கார்ட்ரிட்ஜையும் மாற்றலாம். அதே நிறுவனத்தின் விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜில் உடல் பகுதி ஒன்றுதான். உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா, 78-க்கான தடித்த முனை என ஊசிகளை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆர்ட்டஃபோன் நிறுவனத்திலும் 2எம் 78 என்று தனிக் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. 78 ஊசிக்கு அழுத்தம் வேறு என்பதால், மாட்டியதும் டோன்ஆர்மின் எடையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த கிளீனரால் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். சானிடைசரை எடுத்துத் துடைத்தால் பாகவதர் பஞ்சோடு வந்துவிடுவார்.

கர்னாடக சங்கீதம் கேட்பவருக்கு வேகம்தான் உயிர்

"எல்லா இசைக்கும் ஒரே டர்ன்டேபிள் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல டர்ன்டேபிள் எல்லாவற்றையும் நன்றாகவே ஓட்டும். ஆனால் பட்ஜெட் குறைவாக இருக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வரும். அங்கேதான் ரசனை உள்ளே வருகிறது.

டிரம்ஸும் கிட்டாரும் அடித்து நொறுக்கும் பாட்டில் தட்டின் வேகம் லேசாக ஏறி இறங்கினால் பலருக்கும் தெரியாது. தம்புரா மீட்டிக்கொண்டே இருக்க, ஒருவர் ஷட்ஜத்தில் நின்று ஆலாபனையைத் தொடங்கும் பதிவில் அதே ஏற்ற இறக்கம் காதைக் குத்தும். சுருதி அலைவது கர்னாடக இசை ரசிகருக்குக் கல்லு சோற்றில் கடிபட்ட மாதிரி. வீணையின் கமகம் எது, மோட்டாரின் தள்ளாட்டம் எது என்று பிரிக்க முடியாமல் போனால் கேட்டு என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்கு. தட்டு ஒரு சதவீதம் வேகமாகச் சுற்றினால், சுருதி ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறும். சும்மா கேட்பவருக்குப் பரவாயில்லை. ஆனால் எம்.எஸ். எல்பியைப் போட்டுவிட்டுச் சுருதிப் பெட்டியோடு கூடப் பாடிப் பழகும் மாணவிக்கு அது பெரிய தொல்லை.

எனவே இந்த வகை ரசிகர் பணத்தை முதலில் போட வேண்டியது மோட்டாரிலும் சுழலும் தட்டின் தரத்திலும். டைரக்ட் டிரைவ் வகை வேகத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல பெல்ட் டிரைவும் போதும். ரேகா பிளானார் 1 போன்றவை எளிமையானவை, அமைதியாகச் சுற்றுபவை. ஆனால் அதில் 33-லிருந்து 45-க்குப் போக பெல்ட்டைக் கையால் மாற்ற வேண்டும், 78 கிடையாது. ஸ்பெக் ஷீட்டில் 'வாவ் அண்ட் ஃப்ளட்டர்' என்று ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. அந்த எண்ணையே போடாத பிளேயர் என்றால், ஏன் போடவில்லை என்று யோசிக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் கரகரக்கிறது?

திரைப்பாடல் ரசிகர்களுக்கு ஒரு பழைய புகார் உண்டு. பக்கத்தின் முதல் பாட்டு தெளிவாக இருக்கும். கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' எல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரி கேட்கும். இதற்குக் காரணம் சுத்தமான கணக்கு.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒரு விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. உள்ளே லேபிளுக்கு அருகே வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். தடிமனான முனை அந்த நெருக்கமான நெளிவுகளில் நுழைய முடியாமல் திணறுகிறது.

இங்கேதான் முனையின் வடிவம் பேசுகிறது. உருண்டை முனை விலை மலிவு, பொருத்துவதில் சின்னத் தவறு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நுணுக்கம் கொஞ்சம் குறையும். நீள்வட்ட முனை அதைவிட நெருக்கமாகப் படிக்கும். ஆர்ட்டஃபோன் 2எம் ரெட், விஎம்95இ போன்ற பிரபலமான ஆரம்பநிலைக் கார்ட்ரிட்ஜ்கள் இந்த வகை. மைக்ரோலீனியர், ஷிபாட்டா போன்ற மெல்லிய முனைகள் கடைசிப் பாட்டையும் முதல் பாட்டு மாதிரியே பாட வைக்கக் கூடியவை. ஆனால் இவற்றைக் கொஞ்சம் கோணலாக மாட்டினாலும் பலன் போய்விடும்.

ஆகவே பெண் குரல், கோரஸ், வயலின் கூட்டம் என்று பக்கம் முழுக்க நிரம்பி வழியும் பாடல்களைக் கேட்பவருக்கு, விலை உயர்ந்த பிளேயரைவிட ஒரு படி மேலான ஊசி அதிகப் பலன் தரும். மேற்கத்திய சிம்ஃபனி ரசிகருக்கும் இதுவே பொருந்தும். அங்கே உச்சக்கட்டம் பெரும்பாலும் பக்கத்தின் கடைசியில்தான் வருகிறது.

மோனோ, ராக், டிஜே: சுருக்கமாக

மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு வெறும் இரைச்சல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே படிக்கும். மோனோ கார்ட்ரிட்ஜ் மேல்-கீழ் அசைவைக் கண்டுகொள்ளாது. கீறலும் தூசிச் சத்தமும் கணிசமாகக் குறையும். ஆனால் நாலு மோனோ எல்பிக்காகத் தனிக் கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' பட்டன் இருந்தால் அதை அழுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

ராக், பாப், எலெக்ட்ரானிக் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் துடிப்பான மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜே தாராளம். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பேஸ் அதிகமான இசையில் ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேஜையில் வைக்காமல் இருப்பது, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் ஆக்சஸரிகளைவிடப் பலன் தரும்.

ஸ்க்ராட்ச் செய்ய ஆசைப்படும் டிஜேக்களுக்கு டைரக்ட் டிரைவ்தான். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஹை-ஃபை ரசிகருக்காக உருவானது. அதைத் தங்கள் வாத்தியமாக மாற்றிக்கொண்டது டிஜேக்கள். 2010-ல் உற்பத்தி நின்று, 2016-ல் திரும்பி வந்தது என்பதே அதன் மவுசைச் சொல்லும். ஆனால் ஒன்று: ஸ்க்ராட்ச் செய்யும் தட்டு, தாத்தாவின் தட்டாக இருக்கக் கூடாது!

விலை ஏறினால் ரசனை ஏறுமா?

யூடியூபில் கொஞ்ச நேரம் சுற்றினால், மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் இல்லாதவர் இசை ரசிகரே இல்லை என்ற நினைப்பு வந்துவிடும். அது உண்மையல்ல. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட் சிக்னல் தரும். பல மூவிங் காயில்கள் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. அதற்குத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். ஊசி தேய்ந்தால் பெரும்பாலானவற்றில் வீட்டில் மாற்ற முடியாது. கார்ட்ரிட்ஜையே அனுப்ப வேண்டும், அல்லது புதிதாக வாங்க வேண்டும்.

அதே நேரம், விலைப்பட்டியலை வைத்து ரசனையை அளக்க முடியாது என்பதற்கு ஒரு மூவிங் காயிலே சாட்சி. டெனான் டிஎல்-103, ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-க்காக 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. சாதாரண உருண்டை முனைதான். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம், தனக்கேற்ற கனமான டோன்ஆர்மில் அது பொருந்தி உட்காருகிறது. கார்ட்ரிட்ஜும் டோன்ஆர்மும் கல்யாணப் பொருத்தம் மாதிரி. தனித்தனியாக எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், சேர்ந்து வாழ வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது ஊசியின் ஆயுளையும் சேர்க்க வேண்டும். ஆடியோ-டெக்னிகா சொல்லும் கணக்கில் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், உருண்டை முனைக்கு 500, மைக்ரோலீனியருக்கு 1,000. தினம் நாற்பது நிமிட எல்பி ஒன்று கேட்டால் 300 மணி நேரம் பதினைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். விலை இரண்டு மடங்காக இருந்தாலும் மூன்று மடங்கு உழைக்கும் ஊசி உண்மையில் மலிவுதான். பைக்குக்கு டயர் மாற்றுவதைப் போல ஊசி மாற்றுவதையும் செலவுக் கணக்கில் வைப்பவர்தான் ரெக்கார்டைக் காப்பாற்றுகிறார்.

அப்போ சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. "முதல் சம்பளத்தில் ஆசையாக ஒன்று வாங்க நினைப்பவரிடம் ஊசி, ஆரம், மைக்ரான் என்று பயமுறுத்தினால், அவர் வினைல் பக்கமே வரமாட்டாரே? அந்தக் காலத்தில் எல்லோரும் சின்ன போர்ட்டபிள் பிளேயரில்தானே கேட்டார்கள்?"

உண்மைதான். எச்எம்வி ஃபியஸ்டா போன்ற போர்ட்டபிள் பிளேயர்கள்தான் பல குடும்பங்களுக்கு இசையைக் கொண்டுவந்தன. ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டு கடையில் மறுபடி கிடைத்தது. இன்று கிடைக்காது. பரணில் இருப்பது எதுவும் ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதே சேதத்துக்கு இன்று விலை அதிகம்.

மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். நல்ல மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்கள் சுமார் 2 கிராம் அழுத்தத்தில் வேலை செய்யும்போது, இவை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை. எதிர் எடையே இருக்காது. "அப்படின்னா குறைச்சா நல்லதுதானே" என்று நல்ல டர்ன்டேபிளில் அழுத்தத்தை இஷ்டத்துக்குக் குறைப்பதும் தவறு. மிகவும் லேசான ஊசி தடத்தில் நிற்காமல் துள்ளும். துள்ளும் ஊசி சுவரை அடித்துச் சேதப்படுத்தும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எண்தான் சரி.

எனவே நடுவழி இதுதான். புதிதாக அச்சாகி, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கக்கூடிய ஒரு பாப் ஆல்பத்தை சூட்கேஸ் பிளேயரில் கேட்டு மகிழ்வது அவரவர் விருப்பம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. திரும்பக் கிடைக்காத தட்டை அதில் வைக்க வேண்டாம். பட்ஜெட் உண்மையிலேயே சிறியது என்றால், ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற ஆரம்பநிலை ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிள் பாதுகாப்பான தொடக்கம். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஆனால் ஊசியை மாற்றலாம்; மூவிங் மேக்னெட் வகை; ஃபோனோ ப்ரீஆம்பும் உள்ளேயே இருக்கிறது.

வாங்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

* எதிர் எடை இருக்கிறதா? ஊசி அழுத்தத்தை மாற்ற முடியுமா?
* ஊசி தேய்ந்தால் மாற்று ஊசி எளிதில் கிடைக்குமா? பிளேயர் வாங்கும்போதே அதன் விலையையும் பார்த்துவிடுங்கள்.
* 78 தட்டுகள் இருந்தால் வேகம், தனி ஊசி இரண்டுக்கும் வழி உண்டா?
* ஃபோனோ ப்ரீஆம்ப் எங்கே இருக்கிறது? டர்ன்டேபிளிலா, ஆம்ப்ளிஃபயரிலா? இரண்டிலும் இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் நேராகச் செருகினால் சத்தம் மெலிதாக, பேஸே இல்லாமல் கேட்கும்.
* வெளிநாட்டிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளா? வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. பழைய ஏசி மோட்டார் பல இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சரிசெய்யாது.
* செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், புது ஊசி மாட்டிய பிறகுதான் சொந்தத் தட்டை வைக்க வேண்டும்.

இன்னொரு நேர்மையான கேள்வி

வீட்டில் தட்டே இல்லை, வாங்கும் எண்ணமும் பெரிதாக இல்லை, இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்த அழகுக்காக மட்டும் ஒன்று வேண்டும் என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வினைலில் மட்டும்தான் 'உண்மையான' இசை இருக்கிறது என்பது வியாபாரப் பேச்சு. இன்று வரும் புது எல்பிக்கள் பலவும் டிஜிட்டல் பதிவிலிருந்தே வெட்டப்படுகின்றன.

ஆனால் பரணில் ஒரு டிரங்க் பெட்டி இருக்கிறது என்றால் கதையே வேறு. அந்தத் தட்டுகளுக்கு இன்று உரிமையாளர் என்று ஒருவர் இருக்கலாம். உண்மையில் அவர் காவல்காரர். அவருக்குச் சேகரிப்பாளராக மாற வேண்டிய கட்டாயம் இல்லை. தட்டுகளைச் சுத்தம் செய்து, சரியான ஊசியில் ஒரு முறை ஓட்டி, அப்போதே கம்ப்யூட்டரில் பதிவுசெய்துகொண்டால் போதும். அன்றாடம் கேட்பதற்கு அந்தப் பதிவு. பண்டிகை நாளில் மட்டும் அசல் தட்டு. ஒரே மாதிரித் தட்டுகள் வைத்திருக்கும் உறவினர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கினால் செலவும் பகிர்ந்துவிடும்.

முதலில் சொன்ன வீட்டுக்கே திரும்பலாம். பேரன் ஆர்டர் போடாமல் ஒரு வாரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்? தட்டுகளை மூன்று குவியலாகப் பிரிக்கட்டும். எந்தத் தட்டை முதலில் கேட்க ஆசை என்று பாட்டியிடம் கேட்கட்டும். அவர் கை காட்டுவது 78-ஆ, மோனோவா, ஸ்டீரியோவா என்று பார்க்கட்டும். எந்த ஊசி வாங்க வேண்டும் என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும். இத்தனை வருஷம் பரணில் காத்திருந்த குரல், இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். தவறான ஊசியில் போன குரல்தான் திரும்பி வராது.